பொலோஞ்ஞா இறைச்சிச் சோஸ்: திருகோணமலைக் குசினிக்கான செய்முறை

வீட்டில் பாஸ்தாவுக்கு இறைச்சிச் சோஸ் வைத்துச் சரிவராமல் போனால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அதைக் கறி மாதிரிக் காய்ச்சியிருப்பார்கள். வெங்காயத்தை வதக்கி, இறைச்சியைக் கொட்டி, தக்காளியைப் போட்டு, தண்ணீர் விட்டு மூடிவிடுவது நம் கை பழகிய வழி. பிரட்டல் கறிக்கு அது போதும். அங்கே ருசியைத் தூக்கிக் கொடுக்கக் கறித்தூள் இருக்கிறது, ரம்பை, கறிவேப்பிலை, கறுவா எல்லாம் இருக்கின்றன. இந்தச் சோஸில் கறித்தூள் எதுவும் கிடையாது. இறைச்சி பொரிந்து சிவப்பதில் வரும் ருசியும், மெல்லிய நெருப்பில் கிடந்து ஊறும் நேரமும்தான் மூலதனம். ஆகவே வேலை முழுவதும் தண்ணீரைச் சுற்றியே நடக்கிறது. முதலில் இறைச்சியில் உள்ள தண்ணீரைத் துரத்த வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உள்ளே விட வேண்டும்.

இத்தாலியில் இதன் பெயர் ரகு. ஊருக்கு ஊர் ரகு மாறும். நாப்போலியில் பெரிய இறைச்சித் துண்டுகளைத் தக்காளியில் மணிக்கணக்காக வேகவிட்டு, சோஸைப் பாஸ்தாவுக்கும் இறைச்சியைத் தனியாகவும் பரிமாறுவார்கள். நாம் இங்கே பார்ப்பது பொலோஞ்ஞா நகரத்து ரகு. இத்தாலியச் சமையற்கலைக் கழகம் இதன் செய்முறையை 1982இல் பொலோஞ்ஞா வணிகர் சபையில் பதிவு செய்தது. 2023இல் அதைத் திருத்தி மறுபடி பதிந்தது. புதிய பதிவில் உள்ள அளவைப் பாருங்கள்: கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், பன்றி வயிற்றுக் கொழுப்பிறைச்சி 150 கிராம், தக்காளிக் கூழ் 200 கிராம். தக்காளியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் இறைச்சி. நல்ல ரகு சிவப்பாக இருக்காது. செங்கல்லுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட நிறத்தில் இருக்கும். உள்ளி கூட அந்தப் பட்டியலில் இல்லை.

எந்த இறைச்சி?

திருகோணமலையில் ஒரே தெருவில் மாடு சாப்பிடாத வீடும் பன்றி சாப்பிடாத வீடும் அடுத்தடுத்து இருக்கும். அதனால் ஒரே இறைச்சியைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மாட்டிறைச்சி என்றால், நம் பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் மேய்ச்சல் மாடு. கொழுப்பு குறைவு, நார் அதிகம். ரகுவுக்கு நார் நல்லது. நீண்ட நேரம் வேகும்போது அந்தச் சவ்வும் நாரும் கரைந்து சோஸுக்குப் பசைத்தன்மை தரும். ஆகவே கால், தோள், கழுத்துப் பகுதியைக் கேளுங்கள். தனிச் சதை வேண்டாம். வெந்த பிறகு மணல் மாதிரி உதிரும். கொழுப்பு குறைவதை ஈடுசெய்ய 600 கிராம் இறைச்சிக்கு 80 கிராம் மாட்டுக்கொழுப்பு சேர்த்து வெட்டுங்கள், அல்லது 40 கிராம் பட்டர் கூடுதலாக விடுங்கள்.

ஆட்டிறைச்சி வாங்கினால் எலும்போடு 1 கிலோ எடுங்கள். எலும்பைக் கழித்தால் 600 கிராம் அளவில் தசை தேறும். எலும்பு சூப்புக்கு ஆகும். வயது போன கிடாயின் கொழுப்பில் வாடை இருக்கும். அது மெல்லிய நெருப்பில் இரண்டரை மணிநேரம் கிடந்தால் சட்டி முழுவதும் ஏறிவிடும். எனவே வெள்ளைக் கொழுப்பையும் தடித்த சவ்வையும் வெட்டி எறிந்துவிட்டு, பட்டரை நம்புங்கள். இத்தாலியின் அப்ருட்சோ பகுதியில் ஆட்டுக்குட்டி இறைச்சியில் ரகு வைப்பது வழக்கம்தான். ஆகவே இது ஒட்டுவேலை அல்ல.

கோழி என்றால் தோலோடு தொடைப்பகுதி மட்டும். நெஞ்சுச் சதை ஒரு மணிநேரத்திலேயே பஞ்சாகிவிடும். பன்றி சாப்பிடும் வீடுகளில் 450 கிராம் மாட்டோடு 150 கிராம் பன்றி வயிற்றுப் பகுதி சேர்ப்பதுதான் மூலத்துக்கு மிகக் கிட்டியது. பேக்கன் போட்டால் புகை மணம் மற்றதையெல்லாம் மூடிவிடும். வேறு வழி இல்லை என்றால் ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து வெட்டுங்கள்.

அரைப்பது பற்றி ஒரு சொல். கடை மெஷினில் இரண்டு தரம் அரைத்த இறைச்சி பசையாகி, சட்டியில் கட்டி கட்டியாகப் பிடிக்கும். பெரிய கண் உள்ள தட்டைப் போட்டு ஒரே தரம் அரைக்கச் சொல்லுங்கள். வீட்டில் கத்தியால் கொத்தினால் இன்னும் நல்லது. இறைச்சியைக் கட்டைவிரல் தடிப்பில் துண்டாக்கி 40 நிமிடம் பிரீசரில் வைத்தால் விறைத்து நிற்கும், கத்தி வழுக்காது. பயறு அளவில் இருந்து கடலை அளவு வரை இருக்கலாம். எல்லாம் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை. போயா தினங்களில் இறைச்சிக்கடை பூட்டு. வாரக் கடைசியில் செய்ய நினைத்திருந்தால் கலண்டரைப் பார்த்து முதல்நாளே வாங்கி வையுங்கள்.

6 பேருக்கு வேண்டியவை

கொத்திய இறைச்சி 600 கிராம்
பெரிய வெங்காயம் 100 கிராம்
கரட் 80 கிராம்
செலரித் தண்டு 50 கிராம்
ஒலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பட்டர் 30 கிராம்
தக்காளிப் பேஸ்ட் 2 மேசைக்கரண்டி
தக்காளிக் கூழ் 250 கிராம்
உப்பில்லாத எலும்புச் சூப் 700 மில்லிலீற்றர்
வைன் 120 மில்லிலீற்றர், அல்லது 100 மில்லிலீற்றர் சூப்பில் கலந்த 2 தேக்கரண்டி தென்னை வினாகிரி
கொழுப்புள்ள பால் 120 மில்லிலீற்றர்
உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் இரண்டு தரம் துருவியது

ஒலிவ் எண்ணெய் விலை கட்டாது என்றால் சூரியகாந்தி எண்ணெயும் பட்டரும் பாதிக்குப் பாதி. தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். அதன் மணம் இந்தச் சோஸில் தனியாக நின்று பேசும். தென்னை வினாகிரி கிடைக்காமல் செயற்கை வினாகிரிதான் இருக்கிறது என்றால் 1 தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். நம் கடைகளில் வரும் செலரி மெல்லிய தண்டும் நிறைய இலையுமாக இருக்கும். அதன் இலை கசக்கும், தண்டை மட்டும் எடுங்கள். பால் இல்லாத வீட்டில் மட்டமாக 2 மேசைக்கரண்டி பால்மாவை 120 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்தால் போதும்.

தக்காளியில் ஏமாறுபவர்கள் அதிகம். போத்தலில் வரும் தக்காளி சோஸ் இதற்கு ஆகாது. அதில் சீனியும் வினாகிரியும் இருக்கின்றன; ரகு இனித்துப் போகும். பேணியில் வரும் தோலுரித்த தக்காளி இருந்தால் அப்படியே நசித்துப் போடலாம். புதுத் தக்காளி என்றால் நன்றாகக் கனிந்ததாக 600 கிராம் எடுத்து, கீறி, ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டுத் தோலை உரித்து, விதைத் தண்ணீரை வடித்துவிட்டு, அகன்ற தாச்சியில் பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சுங்கள். இதைச் செய்யாமல் பச்சையாகப் போட்டால் சோஸ் புளிக்கும், தண்ணீராகவும் நிற்கும்.

சூப்புக்கு அரைக் கிலோ எலும்பு, ஒன்றரை லீற்றர் தண்ணீர், பாதி வெங்காயம், நாலைந்து மிளகு. நுரையை வழித்துவிட்டு ஒன்றரை மணிநேரம் மெல்லக் கொதிக்கட்டும். சூப் கட்டி பாவித்தால் பாதிக் கட்டி போதும். அப்படியானால் உப்பைக் கடைசி வரை தொடாதீர்கள்.

சட்டி

இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்வது நல்லது. இறைச்சியைச் சிவக்க வைக்க ஒரு கனத்த இரும்புத் தாச்சி. வேகவிட அடி தடித்த ஒரு சட்டி. மெல்லிய அலுமினியச் சட்டி இரண்டுக்கும் உதவாது. சூடு ஒரே இடத்தில் குவிந்து அடிப்பிடிக்கும், தக்காளிப் புளியோடு சேர்ந்து உலோக ருசியும் வரும். மண்சட்டி வேகவைக்கும் கட்டத்துக்கு அருமையானது, ஆனால் கடும் நெருப்பில் இறைச்சியைப் பொரிக்கப் போனால் வெடிக்கும். அதோடு, எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பது மீன்கறி வைத்துப் பழகிய மண்சட்டி. பாரையும் சூடையும் வருடக்கணக்காக ஊறிய சட்டியில் ரகு வைத்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. புதுச் சட்டி எடுங்கள்.

அடுப்பில் ஏற்றினால்

தாச்சியைச் சூடாக்க முன், சட்டியில் எண்ணெயும் பட்டரும் விட்டு, அரிசி அளவுக்குப் பொடியாக அரிந்த வெங்காயம், கரட், செலரியை மெல்லிய நெருப்பில் போடுங்கள். இந்தக் கலவையை இத்தாலியர்கள் சொஃப்ரித்தோ என்பார்கள். கறிக்குப் போலப் பொன்னிறமாகப் பொரிக்கக் கூடாது. கால் தேக்கரண்டி உப்புப் போட்டு 15 நிமிடம், வெங்காயம் கண்ணாடி போலாகி, கரட் கரண்டியால் அழுத்த நசியும் வரை. பிளெண்டரில் அடித்த காய் தண்ணீர் விட்டு அவியும், கத்திதான் வேண்டும். உறைப்பு இல்லாமல் இறங்காத வீட்டில் ஒரு செத்தல் மிளகாயை முழுதாக இதில் போட்டுக் கடைசியில் எடுத்துவிடலாம். தென் இத்தாலியில் மிளகாய் போட்ட சோஸ்கள் ஏராளம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கறிவேப்பிலை வேண்டாம்.

காய் வதங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு இறைச்சிக்கு வாருங்கள். முழுச் சமையலிலும் கண்ணை எடுக்கக் கூடாத இடம் இதுதான்.

இறைச்சியைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால், துண்டாக்க முன்பு கழுவித் துடைத்திருக்க வேண்டும். கொத்திய பிறகு கழுவினால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உப்பு இப்போது போடக் கூடாது, அது நீரை வெளியே இழுக்கும். இரும்புத் தாச்சியைக் கடும் நெருப்பில் இரண்டு நிமிடம் காயவிட்டு, 1 தேக்கரண்டி எண்ணெய் பூசி, 200 கிராம் இறைச்சியை மட்டும் ஒரு படையாகப் பரப்புங்கள். மூன்று தடவையில் முழுவதையும் முடிக்க வேண்டும். ஒரேயடியாக 600 கிராமையும் கொட்டினால் தாச்சி ஆறிப்போகும். இறைச்சி விடும் தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் தேங்கும். அதிலேயே இறைச்சி அவிந்து சாம்பல் நிறமாகும். தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவக்க 140 பாகை அளவிலாவது வேண்டும். இங்கே தவறவிட்டதைப் பிறகு எத்தனை மணிநேரம் வேகவிட்டாலும் பிடிக்க முடியாது.

போட்டதும் கிண்டாதீர்கள். காதால் கேளுங்கள். முதலில் புஸ் என்று ஈரமான சத்தம் வரும், ஆவி எழும்பும். மூன்று நாலு நிமிடத்தில் அந்தச் சத்தம் மாறிச் சடசடவென்று எண்ணெய் பொரியும் சத்தமாகும், ஆவியும் அடங்கும். தண்ணீர் போய்விட்டது, இனித்தான் சிவக்கத் தொடங்கும். அதன் பிறகும் இரண்டு நிமிடம் விட்டு, மர அகப்பையால் ஒரு மூலையைக் கிளப்பிப் பாருங்கள். கறுவாப்பட்டை நிறம் பிடித்திருந்தால் ஒரு தரம் புரட்டி, கட்டிகளை உடைத்து, இன்னொரு நிமிடம் விட்டு எடுங்கள். எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டியதில்லை. பாதி சிவந்தால் போதும். முழுக்க முறுகினால் இறைச்சி வறண்டு, எத்தனை சூப் விட்டாலும் மெதுமையாகாது.

மூன்று தடவையும் முடிந்ததும் தாச்சியின் அடியில் ஒரு மண்ணிறப் படை ஒட்டியிருக்கும். அதைக் கழுவி ஊற்றுகிறவர்கள் சோஸின் பாதி ருசியைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். வைனை, அல்லது வினாகிரி கலந்த சூப்பை, சூடான தாச்சியில் ஊற்றி, மர அகப்பையால் சுரண்டிக் கரையுங்கள். வைன் என்றால் மூக்கில் குத்தும் வாடை போகும் வரை, ஏறக்குறைய பாதியாகச் சுண்ட வேண்டும். அடி கறுத்துக் கருகியிருந்தால் மட்டும் கரைக்க வேண்டாம். அந்தக் கசப்பு எதிலும் மறையாது. பிறகு இறைச்சி, கரைத்த சாறு இரண்டையும் சொஃப்ரித்தோ உள்ள சட்டிக்கு மாற்றி, மிச்ச உப்பில் பாதியும் மிளகும் சேருங்கள்.

தக்காளிப் பேஸ்டைச் சட்டியின் ஓரமாக எண்ணெயில் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். பச்சைச் சிவப்பு மங்கி நிறம் இருளும். தகர வாடை போகும். பிறகு தக்காளிக் கூழ், 200 மில்லிலீற்றர் சூடான சூப். இனி நெருப்பு இருக்கிறதோ இல்லையோ என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும். சட்டியின் ஒரு இடத்தில் மட்டும் இரண்டு மூன்று நொடிக்கு ஒரு குமிழி வந்து உடைய வேண்டும். தளதளவென்று கொதித்தால் இறைச்சி நார் இறுகித் தன் சாற்றைப் பிழிந்துவிடும். நம் காஸ் அடுப்பில் சின்னப் பேணர் கூடச் சில வேளை இதற்கு அதிகம். பழைய தோசைக்கல்லை அடியில் வைத்து அதன் மேல் சட்டியை வையுங்கள். சூடு பரவி அடங்கும்.

மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, 20 நிமிடத்துக்கு ஒரு தரம் அடியைத் துழாவி, வற்றினால் அரைக் கப் சூப் விட்டுக்கொண்டே போங்கள். சூப் சூடாக இருக்க வேண்டும். முழுவதையும் முதலிலேயே ஊற்றினால் அது சூப்பில் வெந்த இறைச்சியாகத்தான் இருக்கும். வற்றவும் விடவுமாகப் போகும்போதுதான் சோஸ் தடிக்கும். ஆட்டுக்கு இரண்டரை மணிநேரம், மாட்டுக்கு மூன்று, கோழிக்கு ஒன்று.

காஸ் விலைக்குப் பயந்து பிரஷர் குக்கரை எடுப்பவர்களுக்கும் வழி உண்டு. சிவக்க வைத்த இறைச்சி, சொஃப்ரித்தோ, தக்காளி, 250 மில்லிலீற்றர் சூப் போட்டு, விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்து 35 நிமிடம். திறந்த பிறகு இன்னும் அரை மணிநேரம் மூடாமல் சுண்ட வைக்க வேண்டும். முற்றிய மாட்டிறைச்சிக்கு இது நல்லாகவே வரும். கோழிக்கு வேண்டாம்.

பால் கடைசி அரை மணிநேரத்துக்கு. இளஞ்சூடாக்கி, இரண்டு மூன்று தரமாக விட்டுக் கிளறுங்கள். குளிர்ந்த பாலை ஒரேயடியாக ஊற்றினால் தக்காளிப் புளியில் திரிந்து வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கெட்டுப் போனது அல்ல, சாப்பிடலாம், பார்க்கத்தான் அழகில்லை. இன்னும் 20 நிமிடம் வேகவிட்டால் பெரும்பகுதி மறையும். சாதிக்காயும் இப்போதுதான். உப்பைப் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள், சீஸிலும் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வைத்து.

பதம் தெரிய, அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். சோஸ் உடனே ஓடி வந்து மூடினால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. மூன்று நொடி பாதை திறந்து நின்று, பிறகு மெல்ல மூடினால் இறக்கலாம். பிரட்டல் கறியில் எண்ணெய் பிரிவது போலவே இதிலும் ஓரத்தில் செம்மஞ்சள் எண்ணெய் கண்ணாடி மாதிரித் தெரியும். அதை முழுவதும் வழித்து எடுத்துவிடாதீர்கள், பாஸ்தாவில் ஒட்டுவது அதுதான்.

பிழைத்துப் போனால்

புளிப்பு மிஞ்சினால் சீனியைத் தேடாமல் இன்னும் அரை மணிநேரம் வேகவிட்டு, 2 மேசைக்கரண்டி பால் விடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு சிட்டிகை சீனி. உப்புக் கூடினால் உப்பில்லாத தக்காளிக் கூழும் தண்ணீரும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி; உருளைக்கிழங்கு போட்டு உறிஞ்ச வைப்பது நடக்காத காரியம். அடிப்பிடித்த வாடை வந்தால் சுரண்டாதீர்கள், மேலே உள்ளதை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றுங்கள். இறைச்சி இன்னும் கடிபடுகிறது என்றால் நேரம் போதவில்லை, அவ்வளவுதான். சூப் விட்டுத் தொடருங்கள்.

பாஸ்தா

பொலோஞ்ஞாவில் இந்த ரகுவை ஸ்பகெட்டியோடு பரிமாறுவது வழக்கமல்ல. தல்யாத்தெல்லே என்ற முட்டை போட்ட பட்டைப் பாஸ்தாதான். வெந்த பிறகு 8 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் அதையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. மெல்லிய ஸ்பகெட்டியில் இறைச்சி நிற்காது, கோப்பையின் அடியில் தங்கிவிடும். பட்டைப் பாஸ்தா கிடைக்காவிட்டால் குழல் போன்ற பென்னே எடுங்கள், இறைச்சி உள்ளே போய்ப் புகுந்துகொள்ளும். பைக்கெற்றில் டுரம் கோதுமை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கோதுமை மாவில் செய்தது சீக்கிரம் குழையும்.

ஒருவருக்கு 90 கிராம் காய்ந்த பாஸ்தா, 150 கிராம் சோஸ். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 10 கிராம் கல்லுப்பு. தண்ணீரில் எண்ணெய் விடுவதும், வடித்த பிறகு பச்சைத்தண்ணியில் அலசுவதும் இங்கே பலருக்குப் பழக்கம். இரண்டும் வேண்டாம், சோஸ் பிடிக்காமல் வழுக்கும். பைக்கெற்றில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, அகன்ற தாச்சியில் சூடான சோஸோடு சேர்த்து, அரைக் கப் பாஸ்தாத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பிரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் உள்ள மாப்பசைதான் கொழுப்பையும் சாற்றையும் பிரியாமல் ஒன்றாக வைத்திருக்கும். சோற்றுக்குக் கறி விடுவது போல மேலே ஊற்றிப் பரிமாறினால் இந்த வேலை நடக்காது.

மேலே துருவிப் போட பார்மிஜானோ சீஸ் நல்லது. கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த செடார் ஒரு மேசைக்கரண்டி. முக்கோணமாக வரும் மென்மையான சீஸ் உருகிக் களியாகும்.

மிச்சம் வைப்பதானால், நம் ஊர் வெக்கையில் சட்டியோடு இரவு முழுக்க அடுப்பில் விடக் கூடாது. அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணிநேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். 3 நாள் இருக்கும். இரண்டாம் நாள் ருசி கூடும். பிரீசரில் 3 மாதம் வரை வைக்கலாம், ஒரு வேளைக்குத் தேவையான அளவாகச் சின்னச் சின்னப் பெட்டிகளில். கரண்ட் போய் முழுக்க உருகி இளகியிருந்தால் திரும்ப உறைய வைக்க வேண்டாம். சூடாக்கும்போது கால் கப் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில், ஒரு தரம் நன்றாகக் கொதித்து வரும் வரை கிளறுங்கள்.